நாற்பத்தேழு மூடிகளும் ஒரு துண்டும்

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது தம்பி பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். உள்ளே அக்காவின் வேலை வெந்துகொண்டிருந்தது.

வேலை என்றால், அவள் கீபோர்டின் மேல் இருக்க வேண்டிய நாற்பத்தேழு பிளாஸ்டிக் மூடிகள். விஷயம் தெரிந்தவர்கள் இதைக் கீகேப் என்பார்கள். தம்பிக்கு விஷயம் தெரியாது. அதனால்தான் அவை அடுப்பில் இருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் அழுக்கு கழன்றுவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கழல்வது பதினைந்து நிமிடத்தில் இன்னும் நன்றாகக் கழலும், ஊறுவதைவிடக் கொதிப்பது மேல் என்பதெல்லாம் தம்பி தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்ட விஞ்ஞானம்.

கரண்டியால் ஒன்றை வெளியே எடுத்தான். சதுரமாக இருந்த மூடி, அறை வாங்கிய கன்னம் மாதிரி ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. அடியில் சுவிட்சைக் கவ்விப் பிடிக்க வேண்டிய கூட்டல்குறி ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கீபோர்டில் வைத்து அழுத்தினான். உட்கார்ந்தது. விரலை எடுத்தான். விரலோடு வந்துவிட்டது.

"என்னடா வாசனை?" என்று அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அம்மாவுக்குக் காது கேட்காமல் போய் நான்கு வருடம் ஆகிறது. அந்த இலாகாவையும் மூக்கே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி தன் உதடு தெரிகிற மாதிரி திரும்பி, "தண்ணி கொதிக்குதும்மா," என்றான்.

"தண்ணி எப்பலேருந்து டயர் வாசனை அடிக்குது?"

அவன் அடுப்பை அணைத்தான். பதினொரு மணிக்கு அக்காவுக்குச் சோதனை.

அக்கா நேரலையில் எழுதுகிறவள். கூட்டத்தில் ஒருவர் பேசப் பேச, அவர் மூச்சு வாங்குவதற்குள் பேச்சு முழுக்க எழுத்தாகத் திரையில் ஓட வேண்டும். காது கேளாதவர்கள் அதைப் படித்துத்தான் கூட்டத்தில் கலந்துகொள்வார்கள். முதலில் அம்மாவுக்காக டிவி செய்தியை எழுத ஆரம்பித்தாள். கை ஓடியது. பிறகு வெளியில் தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள். இப்போது நிரந்தர வேலைக்குத் தேர்வு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்க வேண்டும். மூன்றே வாய்ப்பு. முதல் தடவை தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. அடுத்தது தொண்ணூற்றேழு புள்ளி ஏழு. இன்றைக்கு மூன்றாவது. இதிலும் தவறினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடியும் பார்சல் கிடங்கில் உட்கார்ந்து முகவரி அடிக்க வேண்டியதுதான்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. காதில் விழுவது எதையும் விடக் கூடாது. நாய் குரைத்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் '[நாய் குரைக்கிறது]' என்று எழுத வேண்டும். கேட்காதவர்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று கேட்கிறவர்கள் முடிவு செய்யக் கூடாதாம். இந்தப் பழக்கம் அக்காவின் வாய்க்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தம்பி ஏதாவது சாக்குச் சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடைப்புக்குறி, தம்பி பொய் சொல்கிறான், அடைப்புக்குறி முடிந்தது," என்பாள்.

இவ்வளவுக்கும் ஆரம்பம் ஒரு பிஸ்கட். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "கீபோர்டுல ஒரு கட்டை ஒட்டுதும்மா, யாரோ மேல வச்சு பிஸ்கட் தின்னிருக்காங்க," என்று அக்கா அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அந்த யாரோ தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். காலையில் குற்ற உணர்ச்சி தாங்காமல் நல்லது செய்யக் கிளம்பினார். இப்போது கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருக்கிறார்.

அக்காவைக் கூப்பிட்டான். அவள் போன் புத்தக அலமாரி மேல் அடித்தது. சோதனைக்கு முன்னால் போனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவது அவள் வழக்கம். நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் கை தானாக எழுத ஆரம்பித்துவிடும் என்பாள்.

இரண்டு மாடி கீழே இருந்த ஸ்பிரிங்கைக் கூப்பிட்டான்.

ஸ்பிரிங்குக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. இன்னொன்று, சுவிட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் கேட்காமலே முக்கால் மணி நேரம் பேசுவான். சொந்தமாக ஏழு கீபோர்டு கோத்து வைத்திருந்தான். அவனை வீட்டில் சேர்க்காதே என்று அக்கா சொல்லியிருந்தாள்.

பத்து மணி நான்கு நிமிடத்துக்கு ஸ்பிரிங் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். பாத்திரத்தை எட்டிப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் வேக வச்சே?"

"பதினஞ்சு நிமிஷம்."

"குக்கர்ல வச்சிருந்தா மூணு விசில்ல முடிஞ்சிருக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியா?"

"இல்ல."

"எந்த எழுத்து எங்க இருந்துச்சுன்னாவது ஞாபகம் இருக்கா?"

"இ வந்து நடுவுல எங்கயோ..."

"நடுவுல எங்கயோ! நல்லவேளை நீ டாக்டருக்குப் படிக்கலை. ஈரல் நடுவுல எங்கயோன்னு கத்தியை விட்டிருப்பே."

கேட்டது நியாயமான கேள்விதான். ஊரில் உள்ள கீபோர்டு மாதிரி நூறு கட்டை கொண்டதல்ல அக்காவுடையது. வரிசைக்குப் பன்னிரண்டாக நான்கு வரிசை. கடைசி வரிசையில் மட்டும் நடுவில் இரண்டு கட்டை அகலத்துக்கு ஒன்று. மொத்தம் நாற்பத்தேழு, ஒரு டிபன் பாக்ஸ் மூடி அளவு. எழுத்துகளும் வழக்கமான இடத்தில் இல்லை. அம்மா என்று வர 'ஏ எம் எம் ஏ' என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அக்காவும் அந்த ஜாதிதான். ஆனால் அந்த ஏ எங்கே, எம் எங்கே என்பதை இரண்டு வருடமாகத் தன் விரல்களிடம் கருத்துக் கேட்டு ஒவ்வொன்றாக மாற்றி வைத்திருந்தாள். அந்த வரிசை கீபோர்டின் வயிற்றுக்குள்ளேயே பதிந்திருந்தது. வேறு கீபோர்டு கொடுத்தால் அவளும் நம்மைப் போலத்தான், எழுத்தைத் தேடித் தேடிக் கொத்துவாள்.

"பயப்படாதே," என்றான் ஸ்பிரிங். பெட்டியைத் திறந்தான். உள்ளே முழு கீபோர்டுக்கான நூற்று நான்கு மூடிகள், பஞ்சில் படுத்திருந்தன. "தொட்டுப் பாரு. சாதாரண மூடி இல்ல. ஒவ்வொரு வரிசையும் விரலுக்குத் தகுந்த மாதிரி தனித்தனி உயரத்துல செதுக்கினது. நல்லவேளை இதுவும் கறுப்பு."

"ஈரக் கைடா. நீ தொட்டுக்கோ."

கீபோர்டின் ஒயரை ஸ்பிரிங் தன் போனில் சொருகினான். மூடியில்லாத சுவிட்சு ஒன்றைக் குத்தினான். போன் திரையில் ஒரு எழுத்து விழுந்தது.

"எல்."

தம்பி பெட்டியிலிருந்து எல் எழுதிய மூடியைத் தேடி எடுத்துப் பொருத்தினான். டக்.

"அடுத்தது டி."

டக்.

இப்படி ஒவ்வொன்றாக. இடையில் ஒரு மூடி கோணலாக மாட்டிக்கொண்டு தம்பியின் உயிர் ஒரு தடவை போய்வந்தது. எழுத்து இல்லாத கட்டைகளுக்குக் கைக்கு வந்ததை மாட்டினார்கள். இரண்டு கட்டை அகலமுள்ள இடைவெளிப் பட்டைக்குப் பெட்டியில் மூடி இல்லை. ஸ்பிரிங் நெற்றியைத் தேய்த்தான், இரண்டு தடவை குதித்தான், பிறகு வலப்பக்க எண் பகுதியின் பூஜ்யத்தை எடுத்தான். அதுவும் அதே அகலம். உட்கார்ந்தது.

மணி பத்து முப்பத்திரண்டு.

"எழுத்து நூத்துக்கு நூறு," என்றான் ஸ்பிரிங். "இப்ப உங்கக்கா வந்து பார்த்தாக்கூட..."

தம்பி அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தான். அவனுக்குத் தட்டச்சு தெரியாது. ஆனாலும் ஏதோ தப்பு என்று விரலுக்குத் தெரிந்தது. ஒரு விரல் மேட்டில், பக்கத்து விரல் பள்ளத்தில். அடுத்தது சரிவில். பல் டாக்டர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வாய் மாதிரி இருந்தது.

"என்னடா ஏறி இறங்குது?"

"வரிசைக்கு ஒரு உயரம்னு சொன்னேன்ல? சாதாரண கீபோர்டுல மேல் வரிசை எழுத்து உங்கக்காவுக்குக் கீழ் வரிசையில இருக்கு. எழுத்து மாறினா உயரமும் மாறத்தான் செய்யும்."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஆனா எழுத்துதானே முக்கியம்? எழுத்து சரியா இல்லேன்னா பார்த்து எப்படி அடிப்பாங்க?"

தம்பி அவனை நிமிர்ந்து பார்த்தான். ஏழு கீபோர்டு. ஏழிலும் ஸ்பிரிங் இரண்டு விரலால், குனிந்து பார்த்துத்தான் அடிப்பான் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அக்கா குனிந்து பார்த்து அவன் கண்டதே இல்லை. டிவி செய்தி எழுதும்போது கண் டிவியில் இருக்கும், கை பாட்டுக்கு ஓடும், வாய் அதே சமயத்தில் "டேய், ஃபேனைப் போடு" என்று சொல்லும். தொடங்கும் முன் மட்டும் இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் நடு வரிசையில் எதையோ தடவுவாள். பார்வையில்லாதவர்கள் சுவரைத் தடவி சுவிட்சைக் கண்டுபிடிப்பது மாதிரி.

"எஃப்பையும் ஜேயையும் எடு," என்றான் தம்பி. "அதுல சின்னதா ஒரு கோடு மேடா இருக்குமே, அது எதுக்கு?"

"விரலுக்கு இடம் தெரியறதுக்கு..." என்ற ஸ்பிரிங், குனிந்து தேடினான். எஃப் கீழ் வரிசையில் இருந்தது. ஜே ஒரு மூலையில் இருந்தது.

"அவ எழுத்தைப் பார்க்கவே மாட்டாடா. இந்த எழுத்தெல்லாம் யாருக்கு? உனக்கும் எனக்குமா? கழட்டு எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?"

"எழுத்தை மறந்துடு. உயரத்தை மட்டும் பாரு."

மூடி பிடுங்கும் கம்பி ஒன்றுதான் இருந்தது. அதை ஸ்பிரிங் எடுத்துக்கொண்டான். தம்பி நகத்தால் நெம்பினான். ஒரு நகம் பாதியில் உடைந்தது. பெட்டியில் எந்த மூடி எந்த வரிசையோ அதே வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்க ஆரம்பித்தார்கள். மேல் வரிசைக்குப் பன்னிரண்டும் கிடைத்தது. கீழ் வரிசைக்கு இரண்டு குறைந்தது. எண் பகுதியின் ஒன்றும் இரண்டும் அதே உயரம்தான், அவை போய் உட்கார்ந்தன. கட்டைவிரல் படும் கடைசி வரிசைக்கு அம்புக்குறிகள், இன்னும் என்னென்னவோ. நடு வரிசைக்கு வந்தபோது மணி பத்து ஐம்பது. ஆள்காட்டி விரல்கள் நிற்கும் இடத்தில் எஃப்பும் ஜேயும். பதினொரு மூடி ஆயிற்று. பன்னிரண்டாவது இல்லை.

"அந்த உயரத்துல எண் பகுதியில நாலு, அஞ்சு, ஆறு மூணும் இருக்கு, ஏதாவது ஒண்ணை..."

அழைப்பு மணி அடித்தது.

தம்பி மூன்றில் கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கடைசி இடத்தில் அழுத்தினான். டக். ஸ்பிரிங் பெட்டியை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் குதித்தான். தம்பி மூடிகளைத் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கீபோர்டு பளிச்சென்று தெரியாதபடி அக்கா அறையின் திரைச்சீலையை இழுத்து விட்டு, கீபோர்டை மேஜையில் வைத்துச் சொருகிவிட்டுக் கதவைத் திறந்தான்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" அக்கா செருப்பைக் கழற்றினாள். "என்ன வாசனை?"

"தண்ணி."

"அடைப்புக்குறி," என்றாள் அக்கா. அதை முடிக்காமலே மேஜைக்குப் போனாள்.

உட்கார்ந்ததும் கேமராவைச் சரிசெய்தாள், காதுக்கருவியை மாட்டினாள். மணி பத்து ஐம்பத்தேழு. கைகளைக் கீபோர்டில் வைத்தாள். ஆள்காட்டி விரல்கள் நடு வரிசையைத் தடவின. நின்றன. இன்னொரு தடவை தடவின.

தம்பி கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னமோ புதுசா இருக்கே?"

"கழுவினேன்க்கா. பிஸ்கட் இருந்துச்சுன்னு..."

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் திரையில் தேர்வாளர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. வணக்கத்தைக்கூட விதி எண்ணோடு சொல்லக்கூடிய முகம்.

"தயாரா?"

"தயாருங்க."

ஒலிப்பதிவு ஓடத் தொடங்கியது. ஒரு குடியிருப்பின் லிஃப்ட் ஏன் மூன்றாம் மாடியில் மட்டும் நிற்பதில்லை என்பது பற்றிய விசாரணை. சங்கத் தலைவர் லிஃப்டின் வரலாற்றை அது பிறந்த நாளிலிருந்து தொடங்கினார். அக்காவின் கை ஓடியது. சடசடவென்று ஒரே சீராக, தகரக் கூரையில் மழை மாதிரி. திரையில் வரி மேல் வரி ஏறியது. ஒரு நிமிடம். இரண்டு. தம்பி முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டான். மூன்று.

நான்காவது நிமிடத்தில் லிஃப்ட் மெக்கானிக் குறுக்கே புகுந்தார். "அய்யா சொல்றது அத்தனையும் பொய்ங்க." பேசுகிறவர் மாறினால் அக்கா அடிக்க வேண்டிய கட்டை நடு வரிசையின் கடைசியில் இருந்தது. வலது சுண்டுவிரல் அங்கே போனது. போன வேகத்தில் சுட்டுக்கொண்ட மாதிரி திரும்பி வந்தது.

அங்கே ஒரு மேடு இருந்தது. எண் பகுதியின் நடு மூடியான ஐந்திலும், விரலுக்கு இடம் தெரிவதற்காக, ஒரு சின்னக் கோடு மேடாக இருக்கும். மூன்றில் ஒன்றைப் பார்க்காமல் எடுத்தபோது தம்பியின் கையில் வந்தது அதுதான்.

கையெல்லாம் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டதோ என்று அக்கா குழம்பினாள். குழம்பி, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள்.

கீழே அவளுக்குத் தெரிந்த ஒரு எழுத்தும் தெரிந்த இடத்தில் இல்லை. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது.

விரல்கள் நின்றுவிட்டன. திரையில் வரி நின்றது. மெக்கானிக் நிற்கவில்லை. "மூணாவது மாடிக்காரர் பராமரிப்புக் கூட்டத்துக்கே வர்றதில்லைங்க..." ஒரு விநாடி. இரண்டு. கண் ஒன்று சொல்லிற்று, கை வேறொன்று சொல்லிற்று, அக்கா இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெளிறிப்போனாள்.

தம்பி யோசிக்கவில்லை. யோசித்துச் செய்ததெல்லாம் காலையிலிருந்து எப்படி முடிந்தது என்று பார்த்தாகிவிட்டது. நான்கு காலில் மேஜைக்கடியில் புகுந்தான். தோளிலிருந்த ஈரத்துண்டை உருவினான். மேஜை விளிம்பு வழியாகக் கையை நீட்டி, அவள் இரண்டு கைகளையும் கீபோர்டையும் சேர்த்து மூடினான்.

"அக்கா, கீழ பாக்காத. கைக்குத் தெரியும்," என்றான் ரகசியமாக. அவன் ரகசியம் அடுத்த தெரு வரை கேட்கும் வகை.

இன்னொரு விநாடி போனது.

பிறகு துண்டு அசைந்தது. உள்ளே இரண்டு எலிகள் ஓடுவது மாதிரி முதலில் மெல்ல, பிறகு முன்னைவிட வேகமாக. மெக்கானிக் பேசியதை அவள் தலைக்குள் அடுக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து விழுந்தது. தம்பி மேஜைக்கடியிலிருந்து கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தான். பராமரிப்புக் கூட்டத்துக்கும் மூன்றாம் மாடிக்காரருக்கும் நடுவில் ஒரு வரி பளிச்சென்று நின்றது.

[அறையில் வேறு குரல்: அக்கா, கீழ பாக்காத. கைக்குத் தெரியும்.]

அவனுக்கு வியர்த்தது. வெளியே வந்தால் கேமராவில் தெரியும். முப்பத்தாறு நிமிடம் அங்கேயே கிடந்தான். இடது கால் பத்தாவது நிமிடத்தில் மரத்துப்போனது. இருபதாவது நிமிடத்தில் அந்தக் கால் தன்னுடையதா மேஜையுடையதா என்ற சந்தேகம் வந்தது. மேலே மழை நிற்கவேயில்லை.

ஒலிப்பதிவு முடிந்தது. தேர்வாளர் கண்ணாடியைத் தள்ளிவிட்டு எதையோ படித்தார்.

"நாலாவது நிமிஷத்துல ஒரு குரல் வருது. யாரது?"

"என் தம்பிங்க."

"வெளி ஆள் உதவி வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. தெரியுமா?"

மேஜைக்கடியில் தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியுங்க."

"ஏதாவது சொல் எடுத்துக் கொடுத்தாரா?"

"இல்லைங்க. கீழ பாக்காதேன்னான். அவ்வளவுதான்."

"ஏன் பாக்கக் கூடாதாம்?"

"தெரியலைங்க," என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் பாக்கவேயில்லை."

தேர்வாளர் ஒலியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் யாரிடமோ திரும்பினார். உதடுகள் மட்டும் அசைந்தன. அறை வாசலில் அம்மா வந்து நின்று, அந்த உதடுகளைக் கூர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் அந்த மொழி தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

"'அடைப்புக்குறிக்குள்ள எட்டு சொல்'ங்கறா," என்றாள் அம்மா. "'தப்புன்னு எடுத்தா தொண்ணூத்தேழு புள்ளி ஒன்பது'ங்கறா."

அக்காவின் பாதம் தம்பியின் விரலை மிதித்தது. தெரிந்து மிதித்தாளா என்று அவன் கேட்கவில்லை.

"'காதுல விழுந்ததை எழுதித்தானே ஆகணும்'ங்கறா. பக்கத்து ஆள் தலையாட்டறான். எந்தப் பக்கம் ஆட்டறான்னு தெரியலை. பிரேமுக்கு வெளியில போயிட்டான்."

ஒலி திரும்பி வந்தது.

"அறையில கேட்ட குரலை அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கீங்க. விதிப்படி சரி," என்றார் தேர்வாளர். "விட்டிருந்தீங்கன்னாதான் பிழை. தொண்ணூத்தெட்டு புள்ளி ஒண்ணு. கடிதம் வீட்டுக்கு வரும்." அணைப்பதற்கு முன் ஒரு கணம் நின்றார். "கைமேல என்னங்க அது, துண்டா?"

"குளிருதுங்க."

திரை கறுத்தது. சமையலறையில் ஏதோ உருளும் ஓசை கேட்டது. ஸ்பிரிங்கால் அதற்கு மேல் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை.

தம்பி மரத்த காலை இழுத்துக்கொண்டு மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. துண்டையும் எடுக்கவில்லை. திரையில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, துண்டுக்கடியிலேயே நிதானமாக ஒரு வரி அடித்தாள்.

[தம்பிக்கு அடி விழும் ஓசை.]

அம்மா கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி அதைப் படித்தாள். இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள்.

"இரும்மா," என்று அக்கா துண்டின் ஒரு முனையைப் பிடித்தாள். "இன்னும் நான் கீழ முழுசா பாக்கலை."